டிக்கி திறக்கவில்லை, மூடவில்லை, தானே திறந்துகொள்கிறது: எதற்கு எங்கே கை வைப்பது

போன மே மாதம் ஒரு மதியம். மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஊருக்குப் போகும் பெட்டிகளைத் தன் பழைய செடான் காரில் ஏற்றிவிட்டு, கடைசி மூட்டையை எடுக்க மாடிக்குப் போயிருந்தார். டிக்கி திறந்து கிடந்தது. அவருடைய ஏழு வயதுப் பையன் ஒளிந்துகொள்ள உள்ளே ஏறி, மூடியைப் பிடித்து இழுத்துவிட்டான். பூட்டிக்கொண்டது.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டுத்தான் எல்லோரும் ஓடினோம். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் லீவரை அவர் இழுக்கிறார், இழுக்கிறார், திறக்கவில்லை. "அண்ணாச்சி, வரமாட்டேன் என்கிறது" என்று அவர் கத்திய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பூட்டுக்கு நேர் மேலே மூடியின்மீது இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து என் முழு எடையையும் கொடுத்து அழுத்தினேன். "இப்போது இழுங்கள் தம்பி" என்றேன். டக் என்றது. பையன் வெளியே வந்தபோது சட்டை பிழிந்த துணிபோல உடம்போடு ஒட்டியிருந்தது. அழுகை வரவே அவனுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

லீவர் இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு முன்பே அவர் என்னிடம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிவைத்தேன். சயானில் 22 வருடமாகக் கார் வயரிங் வேலை செய்கிறேன். டிக்கிப் பூட்டைப் பற்றி வருகிற புகார்கள் எல்லாமே "அவசரமில்லை, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் வரும். அன்றிலிருந்து அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. முரண்டு பிடிக்கும் டிக்கிப் பூட்டு, பிரேக்கைப் போலவே, அன்றைக்கே பார்க்க வேண்டிய கோளாறு. எந்த அறிகுறிக்கு என்ன காரணம், எதை நீங்களே செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று என் கைப்பழக்கத்தில் தெரிந்ததை எழுதுகிறேன்.

உள்ளே ஒரு பிள்ளை இருந்தால்

இதில் வரிசை பார்க்க நேரமில்லை. லீவர், ரிமோட், சாவி என்று கையில் கிடைத்ததை முயலும்போதே இன்னொருவர் மேலே சொன்னபடி மூடியை அழுத்த வேண்டும். ஓரிரு முயற்சியில் திறக்காவிட்டால் பின் இருக்கையின் முதுகை மடக்கி உள்ளே கை விடுங்கள். கார் பூட்டிக் கிடந்து சாவியும் இல்லையென்றால் பக்கத்துக் கண்ணாடி ஒன்றை உடைத்துவிடுங்கள். நடுவில் அடித்தால் கண்ணாடி தாங்கும், ஓரத்து மூலையில் கூர்மையான ஒன்றால் அடித்தால் பொடிப்பொடியாக உதிரும். அதே நேரம் ஒருவர் 112-ஐ அழைக்கட்டும், தீயணைப்புத் துறைக்கு 101. வெயிலில் நிற்கும் காரின் டிக்கிக்குள் காற்றோட்டம் கிடையாது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு வெகு வேகமாகச் சூடேறும். கண்ணாடியின் விலையை யோசிக்கும் இடம் இது இல்லை.

அமெரிக்காவில் 1998 கோடையில் மூன்று சம்பவங்களில் 11 குழந்தைகள் கார் டிக்கிக்குள் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகு அங்கே விதி வந்தது. 2001 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தயாராகும் கார்களில், டிக்கி தனி அறையாக இருந்தால், உள்ளிருந்து திறக்க இருட்டில் ஒளிரும் கைப்பிடி இருந்தாக வேண்டும். நம் ஊரில் ஓடும் செடான்கள் பலவற்றில் அது இல்லை. உங்கள் காரில் இருக்கிறதா என்று இன்றைக்கே டிக்கியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். இருந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஒருமுறை அவர்களையே இழுக்கச் சொல்லுங்கள்.

பூட்டு எப்படிக் கவ்வுகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு தானே விளங்கிவிடும். காரின் உடம்பில் பென்சில் கனத்தில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். மூடியில் நண்டுக்கொடுக்குபோல ஒரு கொக்கி இருக்கும். சில கார்களில் இது தலைகீழாகவும் இருக்கும். மூடி இறங்கும்போது வளையம் கொக்கியைத் தள்ளும், கொக்கி சுழன்று வளையத்தைக் கவ்விக்கொள்ளும். அது திரும்பிவிடாதபடி பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பல் வந்து விழும். அந்தப் பல் விழ இரண்டு படிகள் உண்டு. முதல் படி அரைப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. லீவர், ரிமோட், பட்டன், சாவி, எதைப் பயன்படுத்தினாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: அந்தப் பல் விலக வேண்டும்.

சுற்றிலும் இருக்கும் ரப்பர் பீடிங் மூடியை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த விசை முழுவதும் பல்லின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. துரு ஏறிய பல் அந்த விசையில் நசுங்கி அசைய மறுக்கும். மூடியைக் கீழே அழுத்தினால் விசை விலகும், பல் நகரும். அன்று செம்பூரில் நடந்தது இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூட்டில் கை வைக்கிற எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பூட்டைத் துடைத்தாலும், எண்ணெய் விட்டாலும், கழற்றி மாட்டினாலும், உடனே மூடியை இறக்கிவிடாதீர்கள். மூடி திறந்திருக்கும்போதே ஒரு திருப்புளியின் தண்டைக் கொக்கிக்குள் வைத்து, வளையம் செய்வதுபோல மெதுவாகத் தள்ளுங்கள். டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்கும், கொக்கி திருப்புளியைக் கவ்விக்கொள்ளும். இப்போது லீவரை இழுங்கள், ரிமோட்டை அழுத்துங்கள், சாவியைத் திருப்புங்கள். மூன்று வழியிலும் கொக்கி திருப்புளியை விட வேண்டும். விட்டால்தான் மூடியை இறக்கலாம். பூட்டிய பிறகு திறக்காமல் போனால் அரை நாள் வேலை. திருப்புளியில் தெரிந்துகொண்டால் அரை நிமிடம்.

எதை அழுத்தினாலும் கார் அசையவில்லை, விளக்கும் எரியவில்லை

இது டிக்கியின் கோளாறு இல்லை, 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கிறது. காரணம் பல நேரம் டிக்கிதான். அரைப்பூட்டில் நின்ற மூடி உள்விளக்கை அணைய விடாது. அந்தச் சின்ன விளக்கு 5 வாட், அதாவது சுமார் 0.4 ஆம்பியர். விளக்கைத் தானே அணைக்கும் வசதி இல்லாத காரில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றரை நாளில் முழுவதும் வடிந்துவிடும். ஸ்டார்ட் எடுக்கும் தெம்பு அதற்கு வெகு முன்பே போய்விடும். வெள்ளிக்கிழமை இரவு டிக்கியைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டு, திங்கள் காலை அலுவலகம் கிளம்பும்போது என்னை அழைப்பவர்கள் உண்டு.

பட்டன் ஸ்டார்ட் கார்களின் ரிமோட்டுக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தினால் உருவிக்கொள்ளலாம். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் சாவித்துளை இருக்கும். சில கார்களில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதை நெம்பி எடுக்க வேண்டும். கதவைத் திறந்து, பானட்டைத் திறந்து, இன்னொரு காரிலிருந்து மின்சாரம் கொடுங்கள். சிவப்பு வயரை இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அடுத்து கறுப்பு வயர் நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் மறுமுனையை இறந்த காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். மின்சாரம் வந்ததும் டிக்கி திறக்கும்.

சில விலை உயர்ந்த கார்களில் பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும். அதற்காகவே பானட்டுக்கடியில் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை வைத்திருப்பார்கள். ஒரு எச்சரிக்கை: பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கும் நாளில், வெளியே சாவித்துளை இல்லாத டிக்கியை மூடாதீர்கள்.

ரிமோட் மட்டும் செத்திருந்தால் காரின் மற்ற விளக்குகள் எரியும். முதலில் பத்தடியிலிருந்து திறந்தது, பிறகு மூன்றடி, பிறகு ஒட்டி நின்றால்தான், என்று தூரம் சுருங்கிக்கொண்டே வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 3 வோல்ட் பட்டன் செல், எண் அதன் முதுகிலேயே இருக்கும். அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு சின்ன விஷயம்: பல கார்களில் ரிமோட்டின் டிக்கி பட்டனை ஓரிரு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், தட்டினால் திறக்காது. புதுக் கார் வாங்கியவர்கள் இதற்காகவே என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கதவுகள் திறக்கின்றன, டிக்கி மட்டும் திறக்கவில்லை

காதை டிக்கிக்குப் பக்கத்தில் வைத்து, இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். உள்ளே மோட்டார் "சிர்க்" என்றோ "டக்" என்றோ சத்தம் போட்டால் மின்சாரம் வருகிறது என்று பொருள். கோளாறு இரும்பில்தான். மூடியை அழுத்திக்கொண்டு மறுபடி முயலுங்கள். திறந்துவிட்டால் கொக்கியைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்தது. அழுத்தியும் திறக்காவிட்டால் மோட்டாரையும் பல்லையும் இணைக்கும் கம்பி கழன்றிருக்கலாம்.

சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ். எது என்று காரின் கையேட்டில் படத்தோடு இருக்கும். அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். பெரிதாகப் போட்டால் அடுத்து எரிவது வயர். ஃபியூஸ் நன்றாக இருந்தால் நம்பர் பிளேட்டுக்கு மேலே கையால் தடவிப் பாருங்கள். ரப்பர் போர்த்திய மெத்தென்ற பட்டன் உள்ள கார்களில், அந்த ரப்பர் மும்பை மழையிலும் உப்புக்காற்றிலும் நாலைந்து வருடத்தில் பிசுபிசுத்துக் கிழிந்துவிடும். உள்ளே தண்ணீர் இறங்கி, சுவிட்ச் பச்சை பூத்துப் போயிருக்கும். ரிமோட்டில் திறக்கிறது, பட்டனில் திறக்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

ஆனால் நான் அதிகமாகப் பார்க்கிற காரணம் வேறு. மூடிக்கும் காரின் உடம்புக்கும் நடுவே, கீல் பக்கத்தில், துருத்தி வடிவில் ஒரு ரப்பர் குழாய் தெரியும். மூடிக்குப் போகும் வயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அவை ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. எட்டு, பத்து வருடத்தில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மேலே உறை மட்டும் முழுசாக நிற்கும். பார்த்தால் நல்ல வயர் போலவே இருக்கும். மெல்ல இழுத்தால் ரப்பர்போல நீளும். அதுதான் அறுந்த வயர்.

இதைக் கண்டுபிடிக்க எதையும் பிரிக்க வேண்டாம். நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா? பின் வைப்பர் ஓடுகிறதா? பின்கண்ணாடிச் சூடேற்றி வேலை செய்கிறதா? மூடியில் கேமரா இருந்தால் படம் விட்டுவிட்டு வருகிறதா? இவற்றில் இரண்டு டிக்கியோடு சேர்ந்து படுத்திருந்தால் அந்தத் துருத்திக்குள்தான் கோளாறு. மூடியைப் பாதி உயரத்தில் பிடித்தால் விளக்கு எரிந்து, முழுவதும் தூக்கினால் அணைந்தால், இன்னும் உறுதி.

பழுது பார்ப்பவரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, அறுந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றக்கூடாது. அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் வளையும் தன்மையுள்ள புது வயர் சேர்க்க வேண்டும். இரண்டு, பற்றவைக்கும் மூட்டுகள் துருத்திக்கு வெளியே, மடங்காத இடத்தில் வர வேண்டும். மூட்டு மடிப்பில் இருந்தால் அடுத்த மழைக்குள் அதே வேலை மறுபடி வரும்.

அதுவரை திறப்பது எப்படி? ஹேட்ச்பேக் (பின்கண்ணாடியோடு சேர்ந்து முழுப் பின்கதவாகத் தூக்கும் டிக்கி உள்ள கார்) என்றால் பின் இருக்கையை மடக்கி உள்ளே போங்கள். பின்கதவின் உள்பலகையில், பூட்டு இருக்கும் இடத்துக்கு நேராக, பல கார்களில் ஒரு சின்ன மூடியோ துளையோ இருக்கும். தட்டைத் திருப்புளியை விட்டுத் தள்ளினால் பல் விலகும். செடானில் லீவர் அல்லது சாவித்துளை. பின் இருக்கையை மடக்கும் பிடி சில செடான்களில் டிக்கிக்குள்ளேயே இருப்பதால் அந்த வழி எல்லோருக்கும் உதவாது. உங்கள் காரில் எது என்று டிக்கி நன்றாக இருக்கும் நாளிலேயே பார்த்து வையுங்கள்.

லீவர் தொளதொளவென்று வருகிறது, அல்லது கல்போல் நிற்கிறது

ஓட்டுநர் இருக்கையின் கீழ் ஓரத்தில் பெட்ரோல் மூடிக்கு ஒன்றும் டிக்கிக்கு ஒன்றுமாக இருக்கும் லீவர்கள் பெரும்பாலும் கேபிளால் இழுப்பவை. தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் வந்தால் கேபிள் அறுந்தோ, முனைக் குண்டு கழன்றோ போயிருக்கிறது. பெரும்பாலும் கழன்றுதான் போயிருக்கும், மறுபடி மாட்டினால் போதும். கேபிள் நீண்டுபோயிருந்தால் லீவர் கடைசிவரை வந்தும் பல் முழுவதும் விலகாது. மூடியை அழுத்தினால் திறக்கும், அழுத்தாவிட்டால் திறக்காது. இது முதல் எச்சரிக்கை. இந்தக் கட்டத்திலேயே மாற்றுங்கள்.

கல்போல் நின்றால் இன்னும் வலுவாக இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் லீவர் கையோடு வந்துவிடும். கேபிள் கதவுப்படிக்கு அடியில், தரைவிரிப்பின் கீழ் ஓடுகிறது. ஜூலையில் கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் மழைத் தண்ணீரில் ஒருமுறை இறங்கி ஏறிய காரில் அந்த விரிப்பு வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். துரு உள்ளிருந்து பிடிக்கும். எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஓட்டலாம், புதுக் கேபிள்தான் தீர்வு.

கேபிளைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பழைய செடான்கள் சிலவற்றில் லீவரிலேயே ஒரு சாவித்துளை இருக்கும். ஓட்டலில் காரை வேறொருவரிடம் நிறுத்தக் கொடுக்கும்போது டிக்கியைத் திறக்க முடியாதபடி பூட்டிவைக்கும் ஏற்பாடு அது. யாரோ எப்போதோ பூட்டிவிட்டு மறந்திருப்பார்கள். ஒரு திருப்பில் முடிகிற வேலைக்காக இருக்கையைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாவி நுழையவில்லை, நுழைந்தாலும் திரும்பவில்லை

ரிமோட் வந்த பிறகு வெளிச் சாவித்துளையை யாரும் தொடுவதில்லை. வருடக்கணக்கில் தூசியும் கடல்காற்றும் உள்ளே இறுகிவிடும். தேவைப்படும் ஒரு நாளில் திரும்பாது. சாவியை முறுக்காதீர்கள், பாதி சாவி உள்ளே முறிந்து நிற்கும். துரு நீக்கும் திரவத்தைக் குழாய் வைத்து உள்ளே அடித்து, பத்து நிமிடம் விட்டு, சாவியை நுழைத்து எடுத்து நுழைத்து எடுத்துத் தளர்த்துங்கள். தளர்ந்த பிறகு கிராஃபைட் தூள். கிரீஸ் வேண்டாம், தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். மாதம் ஒருமுறை சாவியால் திறங்கள், அவ்வளவுதான்.

சாவி உள்ளே மாட்டிக்கொண்டது

குர்லாவில் லோகமான்ய திலக் டெர்மினஸில், விடியற்காலையில், ஊரிலிருந்து வந்த உறவினர்களின் மூட்டைகளை ஏற்றும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. இரண்டு கையும் வேண்டியிருக்கிறதே என்று சாவியை டிக்கியில் ஒரு ஓரம் வைக்கிறோம். ரிமோட்டில் திறந்து சுமார் 30 நொடிக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால், பல கார்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். டிக்கியைத் திறந்ததை அவற்றில் சில கணக்கில் எடுப்பதில்லை. மூடியை இறக்கினால் எல்லாம் முடிந்தது.

பட்டன் ஸ்டார்ட் கார் சாவியை உணர்ந்து பூட்ட மறுக்கும், கத்தும். ஆனால் சாவி கைப்பையில் எவர்சில்வர் டப்பாக்களுக்கு நடுவே இருந்தால் உலோகம் அலையை மறைத்துவிடும். ரிமோட் செல் பலவீனமாக இருந்தாலும் அப்படியே.

மாற்றுச் சாவி வீட்டில் இருந்தால் அதை வரவழைப்பதுதான் சரி. இல்லையென்றால் உங்கள் காப்பீட்டிலோ கார் நிறுவனத்திலோ சாலை உதவித் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் இடுக்கில் இரும்புப் பட்டையை விட்டுக் கிளறச் சம்மதிக்காதீர்கள். கதவுக்குள் வயர்களும், சில கார்களில் பக்க ஏர்பேக்குக்கான உணர்கருவியும் இருக்கின்றன. நான் கடைப்பிடிப்பது ஒன்று: டிக்கி மூடியை இறக்கும் கையில்தான் சாவி இருக்க வேண்டும். சாவியைப் பிடித்த கையாலேயே மூடுவதென்று பழகிவிட்டால் அது உள்ளே தங்க வழியில்லை.

மூடினால் பூட்டாமல் எகிறுகிறது

மறுபடி ஓங்கி அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். மூடியைத் தூக்கிக் கொக்கியைப் பாருங்கள். அது ஏற்கெனவே மூடிய நிலையில் இருந்தால் வளையம் உள்ளே நுழையவே இடமில்லை, முட்டித் திரும்புகிறது. பெட்டி ஏற்றும்போது ஏதாவது இடித்தோ, பிள்ளைகள் விரலால் தள்ளியோ அப்படி ஆகியிருக்கும். லீவரை இழுத்தபடியே கொக்கியைத் திருப்புளியால் திறந்துவிட்டு மூடினால் சரியாகிவிடும்.

கொக்கி திறந்தே இருந்தும் பூட்டவில்லையென்றால், வளையத்தில் புதுக் கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருந்தால் வளையம் நகர்ந்திருக்கிறது. சிக்னலில் பின்னால் யாராவது லேசாக இடித்த பிறகு இப்படித்தான் ஆகும். பம்பரில் கீறல்கூட இருக்காது. வளையத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி இறுக்குங்கள். பிறகு திருப்புளிச் சோதனை, அதன் பிறகுதான் மூடி.

சாமான் மிஞ்சிப்போய், மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஓடும் காரின் பின்னால் காற்று சுழன்று, புகைக்குழாயிலிருந்து வருவதைத் திறந்த டிக்கி வழியே உள்ளே இழுக்கிறது. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, முதலில் தலைவலி, பிறகு மயக்கம். வேறு வழியே இல்லாமல் கொஞ்ச தூரம் போக நேர்ந்தால் எல்லா ஜன்னல்களையும் இறக்கி, வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி ஊதியை வேகமாக வையுங்கள். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் ஓட்டவே கூடாது. பின் இருக்கையில் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் போகாதீர்கள், இன்னொரு டாக்ஸி பிடியுங்கள்.

மூடியிருக்கிறது, ஆனாலும் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, கடகடக்கிறது

அரைப்பூட்டாக இருக்கலாம். விரல்களால் மூடியின் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள், ஆடக்கூடாது. ஆடாமலிருந்தும் விளக்கு எரிந்தால் கொக்கிக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் பழுது. கடகட சத்தத்துக்கு மூடியின் இரு மூலைகளிலும் இருக்கும் ரப்பர்க் குமிழ்களைப் பாருங்கள். பல கார்களில் அவை திருகி உயர்த்தக்கூடியவை, அரைச் சுற்று போதும். அதிகம் உயர்த்தினால் பூட்டவே கடினமாகிவிடும்.

ஓடும்போது தானே திறந்துகொண்டால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். நம்பர் பிளேட் பட்டனுக்குள் ஈரம் இறங்கி தானே அழுத்தியதுபோல ஆகியிருக்கலாம், அல்லது பல் தேய்ந்திருக்கலாம். தேய்ந்த பல்லுக்கு மருந்து கிடையாது, பூட்டையே மாற்ற வேண்டும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய பூட்டு கிடைக்கும்தான். ஆனால் வேறொரு காரில் அதே பத்து வருடம் உழைத்துத் தேய்ந்த பூட்டை வாங்கி மாட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

திறந்த மூடி நிற்காமல் தலையில் விழுகிறது

ஹேட்ச்பேக்கில் கதவைத் தாங்குபவை நைட்ரஜன் அடைத்த இரண்டு தண்டுகள். கடையில் டிக்கி ஷாக்கர் என்று கேட்டால் தருவார்கள். தண்டின்மேல் எத்தனை நியூட்டன் என்று அச்சிட்டிருக்கும், அதே எண்ணில், இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கழற்றும்போது கதவை இன்னொருவர் பிடித்திருக்க வேண்டும், கட்டையை முட்டுக்கொடுத்து நம்பக்கூடாது. பழைய தண்டைத் துளைக்கவோ தீயில் போடவோ கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கிறது. செடான்கள் பலவற்றில் தண்டுக்குப் பதிலாக முறுக்கிய இரும்புக்கம்பிகள் இருக்கும். அவற்றை நெம்பவே வேண்டாம், கை எலும்பை உடைக்கும் விசை அதில் இருக்கிறது.

மின்விசையில் தானே ஏறும் கதவு உள்ளவர்கள், மும்பையின் அடுக்குப் பார்க்கிங்கில் கவனமாக இருக்க வேண்டும். மேல்தட்டு தலைக்கு மேலேயே இருக்கிறது. எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று கதவுக்குச் சொல்லிவைக்க முடியும். வேண்டிய உயரத்தில் நிறுத்தி, கதவிலுள்ள பட்டனை அழுத்திப் பிடித்தால் பல கார்கள் பதிந்துகொள்ளும். பேட்டரி மாற்றிய பிறகு அது மறந்திருக்கக்கூடும், சரிபாருங்கள்.

சிஎன்ஜி சிலிண்டர் இருக்கும் டிக்கி

மும்பையில் பாதி டிக்கி சிலிண்டருக்கே போய்விடுகிறது. பின் இருக்கை வழியாக ஊர்ந்து வந்து திறக்கும் வழி இந்தக் கார்களில் பெரும்பாலும் அடைபட்டது. ஆகவே வெளிச் சாவித்துளையும் லீவர் கேபிளும் நல்ல நிலையில் இருந்தே தீர வேண்டும். சிலிண்டரைப் பொருத்தும்போது அதன் தாங்கி கேபிளை நசுக்கிவிடுவதும் உண்டு. பொருத்திய அன்றே திருப்புளிச் சோதனை செய்துவிட்டுக் காரை எடுங்கள். 2023-இல் டாடா அல்ட்ரோஸில் தரைக்கடியில் இரட்டைச் சிலிண்டர் வந்த பிறகு இந்த நெருக்கடி சில கார்களில் குறைந்திருக்கிறது.

சிலிண்டருக்குள் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கிறது. சாமானைச் சிலிண்டர் தலையிலுள்ள வால்வின்மேல் சாய்க்காதீர்கள், அதற்காகவே மூடியைத் திணித்து மூடாதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் அழுத்தச் சோதனையின் தேதியை, டிக்கி திறந்திருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கியைச் சுற்றி வாயு வாசனை வந்தால் ரிமோட்டை அழுத்தாதீர்கள். பூட்டு மோட்டாரிலும் உள்விளக்கிலும் பொறி வரலாம். என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கி, கதவுகளைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். டிக்கி ஏற்கெனவே திறந்திருந்தால் மட்டும் சிலிண்டர் வால்வை வலஞ்சுழியாகத் திருகி மூடலாம். கட்டடத்தின் அடித்தளப் பார்க்கிங் என்றால் காவலாளியிடம் சொல்லி மற்றவர்களையும் வெளியேற்றுங்கள், பிறகு 101.

மழைத் தண்ணீரில் எல்லாப் பூட்டும் ஒன்றாகச் செத்தால்

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. காரின் சென்ட்ரல் லாக் செயலிழந்து உள்ளேயே சிக்கி உயிர்விட்டவர்கள் அன்று இருந்தார்கள். தண்ணீர் சக்கரத்தில் பாதியைத் தாண்டும்போதே ஜன்னல்களை இறக்கிவிடுங்கள், மின்சாரம் போன பிறகு இறங்காது. என்ஜின் முன்னால் இருப்பதால் காரின் மூக்குதான் முதலில் தாழும், பின்பக்கம் கொஞ்ச நேரம் மேலே நிற்கும். ஜன்னல் வழி முடியாதபோது ஹேட்ச்பேக்கில் பின் இருக்கையை மடக்கி, உள்பலகைத் துளை வழியாகப் பூட்டை விலக்கிப் பின்கதவால் வெளியேற முடியும். அதற்கு ஒரு தட்டைத் திருப்புளி காருக்குள், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். என் காரில் அது ஓட்டுநர் கதவுப் பையில் இருக்கிறது. டிக்கிக்குள் இருக்கும் கருவிப்பெட்டியில் இருந்தால் அந்த நேரத்தில் பயனில்லை.